மூன்று கடைக்கும் சாம்பிள்

எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம் என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள். திராட்சையின் சாம்பல் நோயை ஆறு வருடம் ஆராய்ந்துவிட்டு, அதை எங்கே வெளியிடுவது என்று தெரியாமல் கிறுக்குப் பிடித்து அலைந்தவள் நான்.

என் வழிகாட்டி ராஜமணி சார் வெளிநாட்டு இதழ்தான் கௌரவம் என்றார். கூட ஆய்வு செய்யும் ஜான்சி, இந்தியத் தோட்டக்கலை இதழே போதும் என்றாள். மூன்றாவதாக ஓர் இதழ் தினமும் மின்னஞ்சலில் 'மாண்புமிகு பேராசிரியர் ஷெரின் அவர்களே' என்று கூப்பிட்டு, ஏழே நாளில் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னது. வீட்டில்கூட எனக்கு அந்த மரியாதை கிடையாது. பட்டியல்களைப் பார்த்தேன், தரக் குறியீட்டு எண்களைப் பார்த்தேன், ஒரு மண்ணும் விளங்கவில்லை. ஜூன் முப்பதுக்குள் ஏதாவது ஓர் இதழின் ஏற்புக் கடிதத்தைக் காட்டினால் கல்லூரியில் எனக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இந்தக் குழப்பத்தோடு ஏப்ரலில் ராயப்பன்பட்டிக்குப் போனேன். அப்பா லூர்துநாதனுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. என் ஆய்வே அந்தப் பந்தலில்தான் நடந்தது. பத்துத் தடவை அடிக்கிற மருந்தை நான்கு தடவை அடித்தாலே போதும் என்று காட்ட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே படாத ஆறு வரிசை வேண்டும். அப்பா இரண்டு பருவம் விட்டுக்கொடுத்தார். கொத்துக் கொத்தாகச் சாம்பல் படிந்து வெடித்துக் கொட்டியபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இதுக்கா ஆத்தா இப்படி முழிக்கிற?" என்றார் அப்பா. "நம்ம பழத்தை எப்படி விக்கிறோம்? கம்பத்துக் கடைக்கு ரெண்டு பெட்டி, தேனிக்கு ரெண்டு, சங்கனாச்சேரிக்கு ரெண்டு. எவுக நல்ல விலை சொல்றாகளோ அவுகளுக்குப் போடுறோம். நீயும் மூணு கடைக்கும் சாம்பிள் அனுப்பு."

அடடா, இது தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. அன்றே மூன்றுக்கும் அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட கட்டங்களில் டிக் போடச் சொன்னார்கள். 'இக்கட்டுரை வேறெந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை' என்பதும் அதில் ஒன்று. படித்துவிட்டுத்தான் போட்டேன் என்று சொன்னால் புனித அந்தோணியார் என்னைச் சும்மா விடமாட்டார்.

ஏழாம் நாளே மூன்றாவது இதழின் ஏற்புக் கடிதம் வந்தது. "முத வெலைக்கே தலையாட்டாத," என்றார் அப்பா. நானும் கடிதத்தை முழுதாகப் படிக்காமல் எடுத்து வைத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் காத்திருந்தேன்.

ஜூன் இருபதாம் தேதி இரண்டும் சேர்ந்தாற்போல் வந்தன. இந்த நோயைப் பற்றித் தெரிந்தவர்கள் நாட்டிலேயே பத்துப் பேர் இருந்தால் அதிகம். இரண்டு இதழும் என் கட்டுரையை மதிப்பிடச் சொல்லி ஒரே ஆளிடம் கொடுத்திருக்கின்றன. ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பியது பெரிய தவறு, நிராகரிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். ராஜமணி சார் போனில், "என்னம்மா பண்ணி வச்சிருக்க?" என்றார்.

அதன் பிறகுதான் மூன்றாவது கடிதத்தை ஒழுங்காகப் படித்தேன். நெற்பயிரைப் பற்றிய என் அரிய ஆய்வைப் பாராட்டியிருந்தார்கள்.

மறுநாள் ஊருக்குப் போனேன். பந்தலுக்கடியில் அப்பா கேட்டார். "எந்தக் கடை ஆத்தா எடுத்துச்சு?"

"மூணாவதுப்பா. மத்த ரெண்டும் திருப்பி அனுப்பிட்டாக."

"எடுத்தவுக பெட்டியத் தெறந்து பாத்தாகளா?"

"இல்லப்பா. நெல்லுன்னு எழுதிருக்காக."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கல்லூரி அலுவலகத்திலும் அந்தக் கடிதத்தை யாரும் படிக்கப்போவதில்லை. கொண்டுபோய் நீட்டினால் வேலை எனக்குத்தான்.

"நான் சொல்லித்தான கெட்டுப்போச்சு," என்றார். "இங்கன கொடிய வெட்டிக் கவாத்து முடிஞ்சிருச்சு. மருந்து இன்னும் அடிக்கல. மறுபடியும் ஆறு வரிசைய விட்டுரட்டுமா?"

கடை திருப்பிய பழம் அழுகிவிடும். என் கட்டுரையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

"வேணாம்ப்பா. இது அழுகாது."

அங்கேயே உட்கார்ந்து மூன்றாவது இதழுக்கு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். ஜூலையில் அந்த வேலைக்கு வேறொருவர் வந்தார். அடுத்து எந்த இதழ் என்று இன்னமும் எனக்குத் தெரியாது. ஆனால் அப்பா கேட்ட அன்றே அந்த ஆறு வரிசைக்கும் கூடவே நின்று மருந்து அடிக்க வைத்தேன்.