மணல்மேட்டுக்கு அப்பால்

கைநிறைய அள்ளிய மணலை ஹாதி கீழே கொட்டினான். அதிலும் கறுப்புக் கண்ணாடி மணிகள். வேறு இடத்தில் தோண்டினான். அங்கேயும் அதேதான்.

லாரி நிழலில் அவன் தகப்பன் ஜிப்ரான் போர்வைக்குள் கிடந்தார். மதியத் தொழுகைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான், உயிர் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு கேன் தண்ணீர் இரண்டு உயிர்கள் ஊர் போய்ச் சேர்வதற்கே பற்றாது. குளிப்பாட்ட வழியில்லாத இடத்தில் சுத்தமான மண்ணால் மய்யத்தின் முகத்தையும் கைகளையும் தடவினால் போதும்.

"மணல்ல என்ன மச்சான் நல்லது கெட்டது? தடவிட்டு அடக்கிடுவோம். வெயில் என்னா அடி அடிக்குது பாரு," என்றான் அக்காள் புருஷன் மனீஃப்.

"இந்த மண்ணுல வாப்பா ஒரு நாளாச்சும் நெத்திய வச்சிருக்காரா?"

வானத்து நெருப்பு விழுந்து, மணலே கண்ணாடியாக உருகி அழிந்த ஊர் இது, இங்கே தொழக்கூடாது என்பது கிழவரின் பிடிவாதம். இரண்டு நாளாக வேளைக்கு வேளை மணல்மேடு ஏறி இறங்கி, அந்தப் பக்கம் போய்த்தான் தொழுதுவிட்டு வந்தார். அந்த ஏற்றம்தான் அவரைக் கொன்றது. வானத்திலிருந்து விழுந்த, நல்ல விலை போகும் இரும்பு கிடக்கும் பள்ளத்துக்கு வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று ஆறு மாதம் நச்சரித்துக் கூட்டி வந்தவன் ஹாதி. சாகும்போது அவர் அவனைத் திட்டவில்லை. "இங்க போட்றாதடா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பாரம் தாங்காமல் லாரி அச்சுவரை புதைந்திருந்தது. கப்பி கட்டி ஏற்றிய இரும்பு படுத்த ஒட்டகக் கன்றுபோல மேலே கிடந்தது.

"இறக்கிடுவோம்," என்றான் ஹாதி.

"பைத்தியமா உனக்கு? இதுக்குத்தானே வந்தோம். இதுக்குத்தானே மாமா..."

ஹாதி பின்கதவைத் திறந்து இரும்புக்கு முதுகைக் கொடுத்தான். அசையவில்லை. பார்த்துக்கொண்டிருந்த மனீஃப் ஏறி வந்து பக்கத்தில் முதுகைக் கொடுத்தான்.

இரும்பு மணலில் விழுந்தது. லாரியில் அது கிடந்த இடத்தில் தகப்பனைக் கிடத்தி, சக்கரத்துக்குப் பலகை போட்டு வண்டியைக் கிளப்பி, மேட்டைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். வெளுத்த மணல். கிழவர் காலையில் நெற்றி வைத்த தடம் இன்னும் கலையாமல் இருந்தது. ஹாதி அதன் பக்கத்திலேயே குழி வெட்டினான். பிறகு மணலில் கைகளை அடித்து, ஊதிவிட்டு, தகப்பனின் முகத்தைத் தடவினான். கைகளைத் தடவும்போது அழுதுவிட்டான்.

"அஸர் தொழுகை நேரம் ஆகப்போகுது. மாமாவுக்குத் தொழ வைக்க நீயே முன்னால நில்லு மச்சான்," என்றான் மனீஃப்.

ஹாதியின் இடது மணிக்கட்டில் இரும்பின் துரு ஒட்டியிருந்தது. மணலைப் போட்டுத் தேய்த்தான். போகவில்லை. அதன்மேல் வலது கையை வைத்துக் கட்டிக்கொண்டு தொழுகைக்கு நின்றான்.