இரண்டு அடுக்கு விறகு

டுவெயினும் நானும் பிரிந்தபோது வீடு எனக்கு, இரும்புப் புகையடுப்பு அவனுக்கு என்று முடிவானது. நீண்ட உருளை, ஒரு முனையில் நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைக்குழாய். தூக்க ஆள்படை வேண்டும் என்பதால் அது என் கொல்லையிலேயே கிடந்தது. எங்கள் மகள் கெல்சியின் மாப்பிள்ளை வீட்டார் முதல்முறையாகச் சாப்பிட வந்த சனிக்கிழமை, அவன் அதில் மாட்டு நெஞ்சுக்கறி வாட்டிவிட்டு, அப்படியே டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

இந்த ஒரு முறை நான் வாட்டுகிறேன் என்று கெல்சியிடம் கேட்டுப் பார்த்தேன்.

“அம்மா, அப்பா கறின்னா லூலிங் ஊரே பேசும். நீ பீன்ஸ் வெச்சிடு.”

கறி வெந்ததும் அடுப்பின் மூடியைத் திறப்பவனுக்குத்தான் எங்கள் ஊரில் பெயர். சேர்ந்திருந்த அத்தனை வருடமும் ஓக் மரத்தைப் பிளந்து, தகரக் கூரையின் கீழ் காற்றாட அடுக்கி, காயவைத்தவள் நான். அதை யாரும் சமையலில் சேர்ப்பதில்லை.

விடிந்ததும் எட்டிப் பார்த்தேன். குழாயிலிருந்து கெட்டியான வெள்ளைப் புகை. டுவெயின் வரும் வழியில் எங்கோ வாங்கிய பச்சை விறகு. ஈர விறகில் நெருப்பின் சூடெல்லாம் தண்ணீரைக் கொதிக்கவைப்பதிலேயே போய்விடும். மரம் எரியாமல் புழுங்கும். எரியாத அந்தப் புகைதான் கறிமேல் பிசினாகப் படிந்து கசக்கும். நன்றாக எரிந்தால் புகையே தெரியாது. குழாயின் வாயில் மெல்லிய நீலம் மட்டும் நடுங்கும்.

டுவெயின் குழாய் மூடியைப் பாதி சாத்தினான்.

“சாத்தாத. காத்து போகலேன்னா இன்னும் மோசமாகும்,” என்றேன்.

“புகை உள்ள நின்னாத்தானே, வெர்னா, கறியில ஏறும்? நீ பீன்ஸைப் பாரு, தீஞ்சிடப் போகுது.”

அவன் ஐஸ் வாங்கக் கிளம்பியதும் கெல்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

“அம்மா, எனக்கு மாமனாரா வரப்போற ஹார்லன் மாமா கறிக்கடை வெச்சிருந்தவரு. ஒரு வாய்லயே கண்டுபிடிச்சிடுவாரு. ஏதாவது பண்ணேன். அப்பாவுக்குத் தெரிய வேணாம், பாவம்.”

பாவம் யார் என்று நான் கேட்கவில்லை.

கூரையின் கீழ் இரண்டு அடுக்கு. வாசல் பக்கம் போன மாதம் வெட்டியது. பின்னால் இரண்டு கோடை காய்ந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று சொல்லும், பச்சை தொப்பென்று விழும். பின்னாலிருந்து எடுத்தேன். புழுங்கும் கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டு, தணலைக் கிளறி, குழாயை முழுக்கத் திறந்தேன். சின்னச் சிம்பாக ஒன்று வைத்தேன், குப்பென்று பிடித்தது. அடுத்ததைப் பெட்டியின் மேலேயே சூடேற வைத்தேன், உள்ளே போட்டதும் புகையாமல் எரியும் என்பதற்காக. கறிமேல் படிந்த பழுப்பு ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன்.

டுவெயின் திரும்பி வந்து நீலத்தைப் பார்த்தான்.

“பாத்தியா? கொஞ்ச நேரம் விட்டா அதுவே சரியாயிடும்னு எனக்குத் தெரியும்.”

அன்றைக்கு முழுக்க, அவன் திரும்பும்போதெல்லாம் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

மாலையில் ஹார்லன் ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடி மென்றார். “கசப்பே இல்லையே! என்னப்பா ரகசியம்?”

“பொறுமைதான் அண்ணே,” என்றான் டுவெயின்.

“கல்யாணத்துக்கும் நீதான் வாட்டணும்பா!” என்று கெல்சி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அவளையே பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. “அம்மா வெச்ச பீன்ஸும் சூப்பர்,” என்றார் ஹார்லன்.

அடுப்பை ஏற்றி முடித்ததும் டுவெயின் கேட்டான்: “கல்யாணத்துக்கு உன் விறகுல கொஞ்சம் எடுத்துக்கவா?”

“எடுத்துக்கோ. தட்டிப் பாத்து எடு.”

“தட்டிப் பாக்க இது என்ன தர்பூசணியா?” என்று சிரித்தான். ஹார்லனும் சிரித்தார்.

வாசல் பக்கத்து அடுக்கிலிருந்து கெல்சி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். டிரெய்லரில் தொப், தொப் என்று விழுந்தன.

நான் பீன்ஸ் சட்டியைத் தேய்க்க உள்ளே போனேன்.