செம்மண்ணில் கடலாமை

சிலிம் ரிவர் ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஐந்து லயத்து வீடுகளில் கடைசி வீட்டின் பின்புறம், ஒரு கடலாமை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நூற்றிருபது முட்டையிட்டுப் போனது. கடல் அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம். வீட்டுக்காரி துளசி கோழிகளை விரட்டிவிட்டு, ஆமை குழியை மூடி முடிக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு போன் செய்தாள்.

சித்தியவானிலிருந்து ஆமைப் பாதுகாப்பு அதிகாரி நஸ்ரியா வந்தார். தடத்தை அளந்தார், மூக்கு கிளி அலகு போலிருந்ததா என்று கேட்டு எழுதிக்கொண்டார், குழிமேல் கம்பிவலை அடித்தார். இந்த இனமே அழியும் தறுவாயில் இருக்கிறது, ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிதானால் உண்டு என்றார். உடும்பு, நாய், காக்கை, எறும்பு, மணல்நண்டு, கடலுக்குள் போனால் சுறா என்று எதிரிகளை விரல்விட்டு எண்ணினார்.

“நண்டும் சுறாவும் இங்க இல்லலா, அக்கா. மனுசங்ககிட்ட மட்டும் கவனமா இருங்க.”

அந்தச் சொல் துளசிக்குள் முள்ளாய்த் தங்கியது. பக்கத்து வீட்டுச் சன்னாசி தனியாள், கடலோரத்துப் பாகான் டத்தோவில் பிறந்தவர். சின்ன வயதில் ஆமை முட்டையை உப்புத் தொட்டு உறிஞ்சிய கதையை எல்லோரிடமும் சொன்னவர். இரண்டாம் வாரம் வலைக்குள் மண் குழிந்தது. விலக்கிப் பார்த்தாள், குழி பாதி காலி. அவருடைய குப்பைத் தொட்டியைக் குச்சியால் கிளறினாள். மீன்குழம்பு கொடுத்தனுப்புவதை நிறுத்தினாள். அவர் இருமினால்கூட அதில் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது. ஒரு மாதம் பொறுத்து, வேலிக்கு மேலாகக் கேட்டேவிட்டாள்.

“அண்ணே, முட்டையெல்லாம் எங்க போவுது?”

சன்னாசி வந்து வலையோரம் குந்தி, விரலால் காட்டினார். குச்சி முனையில் கண் வைத்ததுபோன்ற வெள்ளை நண்டு ஒன்று செம்மண்ணிலிருந்து கிளம்பிப் பக்கவாட்டில் ஓடியது. பின்னால் இன்னும் நான்கு. கடல் நண்டுதான்.

“பத்து நாளா நாந்தான் பொறுக்கி வாளியில போடறேன். நீதான் பேசறதயே நிறுத்திட்டியே.” நண்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா மொத வாரம் ரெண்டு எடுத்தேன், துளசி. நாக்கு கேக்கல.”

ரெண்டு என்பதை அவள் முழுதாக நம்பவில்லை. இருந்தாலும் வலையோரம் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவர் காவல். திரும்பியதும் அவள் செய்யும் முதல் வேலை, அவர் வாளியை எட்டிப் பார்ப்பது. அவரும் வாளியைச் சாய்த்துக் காட்டுவார்.

ஐம்பத்தெட்டாம் நாள் மாலை குஞ்சுகள் மண்ணைப் பிளந்து வந்தன, முப்பத்தொன்று. இருபுறமும் காக்கைகளை விரட்டியபடி இருவரும் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்வரை கூடவே நடந்தார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு கறுப்புத் துடுப்பு நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது.

“சுறாவா அண்ணே?”

“ஆமா.”

சன்னாசி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வாளியால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடித்தார். துடுப்பு விலகியது, திரும்பியது, மூன்று குஞ்சுகளைக் கொண்டுபோனது. மற்றவை நீரோட்டத்தோடு மேற்கே கடலை நோக்கிப் போயின. அவரால் கரையேற முடியவில்லை. துளசி கை நீட்டி இழுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கால்வாயில் தண்ணீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. மோட்டார்சைக்கிள் கழுவ வருகிறவர்கள் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று துளசியிடம் விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் செயின் துருப்பிடித்துவிடும்.