ஆறு புள்ளிக் கத்தரி

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கத்தரி இருந்தது. அதற்கு வழி தெரியும். வயிற்றில் துளை போட்டு உள்ளே விட்டால் போதும், டாக்டர் காமிராவைத் துடைத்து முடிப்பதற்குள் அதுவே ஈரலைச் சுற்றிக்கொண்டு போய்ப் பித்தப்பையின் வாசலில் காத்துக்கொண்டு நிற்கும். அத்தனை வயிறு பார்த்த கத்தரி. அதன் கைப்பிடியில் ‘ஒருமுறை மட்டும் உபயோகிக்கவும்’ என்று அச்சடித்திருந்தது. கத்தரிக்குப் படிக்கத் தெரியாததால் அது மனம் நோகாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

நம்பாதவர்கள் பல்விளக்கியைக் கேட்டுக்கொள்ளலாம். ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய கழுவும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக இருப்பவர். இடுக்கிகளின் வாயைப் பிளந்து பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பதால் அந்தப் பெயர் வந்தது. இடுக்கிகளுக்கு ஒரு பல்கூடச் சொத்தை கிடையாது. அவருக்கு நான்கு விழுந்துவிட்டது.

முதலில் அங்கே இருந்ததெல்லாம் எஃகுச் சாமான்கள். ஒவ்வொரு கத்தரியும் கைப்பிடி, குழல், உள்ளே ஓடும் கம்பி என்று மூன்றாகக் கழலும். கழற்றி, தேய்த்து, நீராவியில் வேகவைத்தால் மாப்பிள்ளை மாதிரி வெளியே வரும். பிறகு ஒரு மேனேஜர் வந்தார். வந்த வாரமே, “இனிமே எல்லாம் டிஸ்போசபிள். ஒரு ஆளுக்குப் போட்டது இன்னொரு ஆளுக்குப் போடறது அநாகரிகம்” என்றார். பிளாஸ்டிக் கத்தரிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. எஃகுச் சாமான்களை நுழைவுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணியில் படுக்கவைத்து, மேலே ஒரு விளக்கும், கீழே ‘நமது பாரம்பரியம்’ என்று ஒரு பலகையும் வைத்தார்கள். சனிக்கிழமைதோறும் அந்தப் பெட்டியைத் துடைப்பது பல்விளக்கியின் வேலை. சாவி அவர் இடுப்பில்.

முதல் மாசம் உபயோகித்ததையெல்லாம் ஒழுங்காக எறிந்தார்கள். இரண்டாம் மாசம் மேனேஜர் குப்பைக் கூடையை எட்டிப் பார்த்தார்.

“என்னய்யா இது, பளபளன்னு இருக்கறதெல்லாம் தூக்கிப் போடறீங்க? உங்களுக்கெல்லாம் மனசு எப்படி வருது?”

“சார், நீங்கதானே சார்...”

“எறியணும்னு சொன்னேன். உடனே எறியணும்னா சொன்னேன்?”

அன்றிலிருந்து, எறிவதற்குச் செய்த சாமான் தினமும் குளித்தது. குளிப்பதற்குச் செய்த சாமான் விளக்கடியில் சும்மா படுத்திருந்தது.

பிளாஸ்டிக் கத்தரி கழலாது. அதன் குழலுக்குள் போன ரத்தம் போனதுதான். பல்விளக்கி சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றிப் பீய்ச்சுவார். சிவப்பாக வரும், ரோஸாக வரும், தெளிவாக வரும். தெளிவு கண்ணுக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும். நீராவியில் வைத்தால் உருகிவிடும் என்பதால் கிருமி கொல்லும் வாயுப் பெட்டியில் வைத்து எடுத்து, புதுப் பைக்குள் போட்டு ஒட்டிவிடுவார். பெரிய டாக்டர் கைக்குப் போகும்போது அது நேற்றுப் பிறந்த குழந்தை. டாக்டருக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கத்தரி வழியாகக் கரண்டு ஓடும். நுனியில் சுட்டு ரத்தத்தை நிறுத்துவதற்கு. மற்ற இடத்தைச் சுடாமலிருக்கக் குழலுக்கு மேலே கறுப்பாக ஒரு தோல் போர்த்தியிருக்கும். குளிக்கக் குளிக்க அந்தத் தோல் வெடிக்கும். மயிரிழை வெடிப்புப் போதும், கரண்டு பக்கவாட்டில் கசிந்து குடலைச் சுட்டுவிடும். காமிரா நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், கத்தரியின் இடுப்பில் நடப்பதைப் பார்க்காது.

ஆகவே பல்விளக்கி தானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். கம்பெனிக்காரன் ஒன்று என்கிறான், மேனேஜர் வெட்டுகிறவரை என்கிறார், நடுவில் ஆறு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குளியலுக்கும் கைப்பிடியில் ஒரு சிவப்புப் புள்ளி. ஆறாவது புள்ளி விழுந்தால் தனித்தட்டு. வாரக்கடைசியில் அந்தத் தட்டு எரிக்கப் போய்விடும். புள்ளி வைக்க எந்த மையும் நிற்கவில்லை. வாயுவுக்கும் தண்ணீருக்கும் அசையாமல் நின்றது ஒன்றுதான்: அவர் மனைவியின் நகப்பூச்சு.

அந்த அம்மாளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அது. சீசா மாசத்துக்கு ஒன்றாக மறைந்தது.

“என் நகப்பூச்சு எங்கங்க?”

“எனக்கென்ன தெரியும்? நானா பூசிக்கறேன்?”

“நீங்க பூசிக்கலை. அதான் யார் பூசிக்கறாங்கன்னு கேக்கறேன்.”

மூன்று வருஷம் இந்தக் கேள்வி சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரி ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவர். சந்தேகத்தை விழுங்கிக்கொண்டார். அந்த அம்மாள் விழுங்கவில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் முதுகைக் காட்டிப் படுத்தாள்.

பிறகு மேற்பார்வைக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. மேனேஜர் கழுவும் அறைக்குள் நுழைந்து கத்தரிகளைப் பார்த்தார்.

“என்னய்யா, எல்லாத்துக்கும் அம்மை போட்டிருக்கு?”

“கணக்கு சார். எத்தனை தடவைன்னு...”

“ஒருமுறைச் சாமானுக்கு எதுக்குய்யா கணக்கு? துடை எல்லாத்தையும்!”

பல்விளக்கி துடைத்தார். ஆனால் ஆள் லேசுப்பட்டவரில்லை. ஒரு புள்ளிக்காரர்கள் முதல் தட்டு, இரண்டு புள்ளிக்காரர்கள் இரண்டாம் தட்டு என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போல வகுப்பு வாரியாக உட்காரவைத்துவிட்டுத்தான் பூச்சு அழிக்கும் மருந்தில் நனைத்த பஞ்சை எடுத்தார். ஆறாம் வகுப்பு கடைசித் தட்டு, எரிக்கப் போக வேண்டியது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தட்டுகள் காலி. குழுவின் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று மேனேஜர் இரண்டு பேரை வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, புதுப் பைகளில் போட்டு, ஒரே அளவாக அடுக்கியிருந்தார். ஆறாம் வகுப்பும் உள்ளே. முப்பத்திரண்டு கத்தரி, முப்பத்திரண்டும் ஒரே முகம். குழு வந்தது, அடுக்கைப் பார்த்து மெச்சியது, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது.

அந்த வாரம்தான் மனைவி வலது விலாவைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தாள். பித்தப்பையில் கல். ஊழியர் குடும்பத்துக்கு அந்த ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். வியாழக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

பல்விளக்கி மேனேஜரிடம் போனார். “சார், சீல் உடைக்காத பெட்டி ஒண்ணு வேணும்.”

“உள்ளதே அத்தனை கிடக்கு. உன் பெண்டாட்டிக்குன்னு கப்பல்ல வரணுமா?”

“அப்ப கண்ணாடிப் பெட்டியில இருக்கறதையாவது...”

“அதைத் தொட்டே, ஆளே இருக்க மாட்டே.”

புதன்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பல்விளக்கி துணியும் வாளியுமாகக் கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். எஃகுச் சாமான்களை வாளியில் போட்டுக்கொண்டு, வெல்வெட்டின் மேல் ஒன்பது பிளாஸ்டிக் சாமான்களைப் படுக்கவைத்தார். அன்றைக்குப் பாரம்பரியத்தைப் பார்த்த நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பெரியவர் கைகூடக் கூப்பினாராம்.

எஃகுக் கத்தரியை மூன்றாகக் கழற்றினார். பிரஷ் போட்டார். கறுப்புத் தோலை அங்குலம் அங்குலமாகக் கரண்டுச் சோதனைக் கருவியால் தடவிப் பார்த்தார். ஒரு ‘பீப்’ இல்லை. நீராவியில் வைத்து எடுத்து, தட்டில் அடுக்கி, மனைவி பெயர் எழுதிய சீட்டை ஒட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கட்டிய தட்டுகளிலேயே அதுதான் நல்ல தட்டு.

வியாழன் காலை தியேட்டரில் பெரிய டாக்டர் தட்டை மூடியிருந்த துணியை விலக்கினார். விலக்கியவர் சிரித்தார்.

“ஏது இது, மியூசியமா? நம்ம ஸ்டாஃபோட வீட்டம்மாவுக்குப் பழைய இரும்பா? அவர் கஞ்சத்தனத்தை வீட்டோட வச்சுக்கச் சொல்லுங்க. புதுசு பிரிங்க சிஸ்டர், என் பேர் சொல்லி.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் வினை.

சிஸ்டர் கழுவும் அறையின் சன்னலுக்கு ஓடிவந்தாள். “அண்ணே, டாக்டர் புதுசு கேக்கறார்.”

“அந்தத் தட்டே நல்ல தட்டு சிஸ்டர். சொல்லுங்க.”

“சொன்னேன். திட்டறார். துளை போட்டாச்சுண்ணே, அண்ணி வயித்துல காத்து ஏத்தியாச்சு.”

“புதுசு எங்க இருக்கு இங்க?”

“அதை நான் போய்ச் சொல்லட்டுமா? நீங்க சொல்றீங்களா?”

பல்விளக்கி வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷம் மற்றவற்றின் வாயைத் திறந்தே பழகியவருக்குத் தன் வாய் திறந்தும் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது: “என்ன சிஸ்டர், தூங்கப் போயிட்டீங்களா?”

பைகளைக் கிழித்தார். ஒவ்வொரு கத்தரியாக ஈரத்துணியை வெட்டிப் பார்த்தார். ஒன்று மென்றது, ஒன்று வழுக்கியது. ஒன்று சத்தமில்லாமல் வெண்ணெயாக அறுத்தது. தோலைக் கருவி வைத்துத் தடவ ஐந்து நிமிஷம் வேண்டும். உள்ளே ஐந்து நிமிஷம் இல்லை. வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், கிருமிநாசினியில் அவசரமாக ஒரு முக்கு முக்கி, தன் கையாலேயே சன்னல் வழியாகக் கொடுத்தார்.

ஆபரேஷன் முக்கால் மணியில் முடிந்தது. டாக்டர் கல்லைச் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்.

மூன்றாம் நாள் காய்ச்சல். நான்காம் நாள் வயிறு பலகையானது. அரை அங்குலத் துளைகளாகப் போட்ட இடத்தில், மார்புக்குக் கீழிருந்து அடிவயிறுவரை ஒரே கோடாகத் திறந்தார்கள். குடலில் தீக்குச்சித் தலையளவு ஒரு கரி. அதைச் சுற்றி ஓட்டை. வெட்டி, மிச்சத்தை வயிற்றுக்கு வெளியே இழுத்துவைத்து, மலம் பிடிக்க ஒரு பையைக் கட்டினார்கள். மூன்று மாசம் கழித்து மறுபடி திறந்து உள்ளே வைக்க வேண்டும்.

“புதுசுதானே கொடுத்தீங்க?” என்று பெரிய டாக்டர் கேட்டார். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். முதல்தடவையாகக் கேட்கிறார்.

“இல்லை சார்” என்றார் பல்விளக்கி. டாக்டர் அடுத்த நோயாளியிடம் போனார்.

கழுவும் அறையில் அந்தக் கத்தரி இன்னும் கிடந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார். கைப்பிடியின் இடுக்கில், பஞ்சு எட்டாத பள்ளத்தில், சிவப்பாகக் கடுகளவு மிச்சங்கள். எண்ணினார். ஆறு. எரிக்கப் போக வேண்டிய தட்டு.

நடந்ததை மேலே தெரிவிக்க மேனேஜர் ஒரு படிவம் கொண்டுவந்தார். ‘சாமானை உபயோகித்தது எத்தனை முறை’ என்ற கட்டத்தில் பல்விளக்கி இதையும் சேர்த்து ‘ஏழு’ என்று எழுத்தால் எழுதினார். “உன் எழுத்து ஒண்ணும் புரியலையே” என்று மேனேஜர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேறொரு படிவத்தைத் தானே அழகாக நிரப்பி அனுப்பினார். காரணம்: நோயாளியின் உடல்வாகு.

ஆறாம் நாள் மனைவி கண்ணைத் திறந்து பேசினாள். பல்விளக்கி கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். போட்ட கையெழுத்தையும் மீறிச் சொன்னார். புள்ளிகளை, நகப்பூச்சை, துடைத்ததை, சன்னலில் நீட்டிய கையை.

அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

“அப்ப அந்த சீசால்லாம் கத்தரிக்குத்தான் போச்சா?”

“ஆமா.”

“ஒருத்தியும் இல்லையா?”

“இல்லை.”

“இருந்திருக்கலாங்க” என்றாள். “அழுதுட்டுக் கிடந்திருப்பேன். வயிறாவது முழுசா இருந்திருக்கும்.”

அவள் போர்வைக்கு வெளியே கையை நீட்டினாள். நகங்கள் வெளிறிக் கிடந்தன.

“கொண்டாந்திருக்கீங்களா?”

“என்னத்தை?”

“அந்தச் சீசாவை. எனக்கும் ரெண்டு புள்ளி வெச்சு விடுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி அறுக்கப்போறாங்கல்ல, எத்தனாவது தடவைன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?”

அவள் சிரிக்கவில்லை. பல்விளக்கி சட்டைப்பையில் கையை விட்டார். சீசா அங்கேதான் இருந்தது. மூடியைத் திருகினார். அது அசையவில்லை, காய்ந்து இறுகிப் போயிருந்தது. அவர் திருகிக்கொண்டே இருந்தார். அவள் கையை எடுக்கவில்லை.