யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?

டிப்போவிலிருந்து பஸ்ஸை வெளியே எடுக்கப் போன நேரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு வர்ற வியாழக்கிழமை ஆபரேஷன். முந்தின நாளே வந்து சேந்துடுங்க. அவர் நேத்தே வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்."

அவள் "சரி" என்ற ஒரே சொல்லோடு போனை வைத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். அன்று அந்த பஸ்ஸில் ஏறியவர்கள் பாவம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி உதறிக்கொண்டுதான் நின்றது. ஒரு பெரியவர் "அம்மா, கொஞ்சம் பாத்து…" என்று ஆரம்பித்தார். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார்.

பத்து நாள் யோசிப்போம், சேர்ந்து முடிவெடுப்போம் என்று சொன்னதே அவர்தான். ஆறாம் நாளே தனியாகப் போய் முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். முதல் நாளே அவள் வண்டியைச் சுவரில் உரசினாள், அவர் கத்தினார், அவள் திருப்பிக் கத்தினாள், ஐந்தாம் மாதம் கல்யாணம். அன்றிலிருந்து அவர் அவளுக்கு வாத்தியார், அவள் அவருக்கு டிரைவரம்மா. "கிளட்ச்! கிளட்ச்ச விடாதே!" என்று நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷனுக்குக் குரல் கம்மினால் யாருக்குச் சந்தேகம் வரும்? நாலு மாதம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். சோதித்துப் பார்த்தபோது குரல்வளையில் புற்றுநோய், மூன்றாம் கட்டம்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, குரல்வளையையே எடுத்துவிடுவது. அதன்பின் கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு. சொந்தக் குரல் போய்விடும். பயிற்சி எடுத்தால் வேறு விதமாகப் பேசலாம். நீச்சலை மறந்துவிட வேண்டியதுதான். இன்னொன்று, ஏழு வாரம் கதிர்வீச்சும் மருந்தும். குரல் மிஞ்சலாம். ஆனால் விழுங்குவது பெரும்பாடு; நோய் திரும்பி வந்தால் அப்போது அறுத்தே ஆக வேண்டும், அந்தப் புண் லேசில் ஆறாது. இவ்வளவையும் டாக்டர் அவளைப் பார்த்தே சொன்னார். "அவருக்குப் பசியெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டபோது அவளுக்குச் சுருக்கென்றது.

"பக்கத்துலதான உக்காந்திருக்கார். இன்னும் வாய் இருக்கு. அவரையே கேளுங்க" என்றாள்.

அந்த ஆறு நாளும் இருவரும் நோய்க்குப் பழிப்புக் காட்டுவதுபோலத்தான் இருந்தார்கள். லீவு போட்டுவிட்டுப் பகல் காட்சி சினிமாவுக்குப் போனார்கள். படம் படுமட்டம் என்று வழி நெடுகச் சிரித்தார்கள். தினமும் சாயங்காலம் நீச்சல் குளம். அவர் மல்லாந்து மிதந்தபடி கரகரத்த குரலில் பாடுவார், லைஃப்கார்டு விசிலடிப்பான், அவள் தண்ணீரை வாரி அவர் முகத்தில் அடிப்பாள்.

அன்றும் அவர் குளத்தில்தான் இருந்தார். யூனிஃபார்மோடு, ஷூவைக்கூடக் கழற்றாமல், அவள் விளிம்புக்கே போய் நின்றாள்.

"என்ன டிரைவரம்மா, ஷூவோட நிக்கறே? விரட்டிடுவான்."

"யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் முகம் சுண்டிவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டார். "உனக்காகத்தான். அக்காகிட்ட நீ சொன்னியாமே, குரல் போனாப் போகட்டும், ஆள் இருந்தாப் போதும்னு. உன் பேச்சு முக்கியமா, அவ வாழ்க்கை முக்கியமான்னு அக்கா கேட்டுச்சு. அப்புறம் நான் என்ன பண்ண?"

சொல்லியிருந்தாள். போனில், அவருடைய அக்காவான அண்ணியிடம், ஒரு பலவீனமான நிமிஷத்தில். அண்ணிமேல் பொங்கிய ஆத்திரம் பாதி வழியில் திரும்பி அவள்மேலேயே விழுந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆமா, சொன்னேன்! பயந்துபோய்ச் சொன்னேன். அது என் பயம். அதுக்காக உங்க கழுத்துல கத்தி வைக்கச் சொன்னேனா? தியாகம் பண்றாராம், தியாகம்! நீங்க பேசாம உக்காந்திருக்கிறதைப் பாக்குறப்பல்லாம், இது என்னாலதான்னு நான் சாகணுமா?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?" அவர் கத்தினார். கம்மிய குரல் பிளந்து கூரையில் மோதியது. "நான் பேசணும்! இதுல நீந்தணும்! சாகவும் பயமா இருக்கு! இது மூணையும் எந்த ஃபாரத்துல எழுதறது?"

விசிலை வாயில் வைத்த லைஃப்கார்டு ஊதவில்லை.

"இதை எங்கிட்ட சொல்ல உங்களுக்கு ஆறு நாளா?" என்றாள் அவள்.

மறுநாள் டாக்டரிடம் அவரே பேசினார். வாயைத் திறப்பதில்லை என்று அவள் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

"என் நிலைமைக்கு, பிழைக்கிறதுல ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

"பெருசா இல்ல" என்றார் டாக்டர்.

"இதை முதல் நாளே சொல்றதுக்கு என்ன?" அவள் எழுந்தேவிட்டாள்.

"நீ சும்மா இரு. இது என் கிளாஸ்" என்று அவளை உட்கார வைத்துவிட்டு, "ஆபரேஷன் வேணாம், ரேடியேஷனே குடுங்க" என்றார் அவர்.

ஐந்தாம் வாரம் தொண்டை உள்ளே வெந்துபோனது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வந்தது. ஒரு மத்தியானம், அவள் நீட்டிய சத்துப் பாலை டம்ளரோடு ஃப்ரிட்ஜ்மேல் வீசியடித்தார். அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் காபியையும் எடுத்து அதே இடத்தில் வீசினாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, வலித்தது, அழுதார், மறுபடியும் சிரித்தார்.

இருவரும் தரையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்தார். "அன்னைக்கே அறுத்திருந்தா இந்தப் பாடு உண்டா?"

அவள் துணியோடு எழுந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, காற்றாகவே வந்த குரலில் சொன்னார்: "அக்கா, இது என் தொண்டை."

அண்ணி அவள் கையிலிருந்த துணியை வாங்கி, ஃப்ரிட்ஜுக்கு அடியில் துடைக்க ஆரம்பித்தார். அன்று அண்ணியிடம் அவள் பேசவில்லை. சண்டையும் போடவில்லை.

சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் எடுத்த ஸ்கேனில் நோய் தெரியவில்லை. "ஆனா முடிஞ்சுதுன்னு சொல்ல முடியாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரணும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்து அவள் கார் டயரை ஓங்கி உதைத்தாள். "ஒரு நல்ல சேதியை முழுசா சொல்ல மாட்டாங்களா இவங்க?"

"முதல்ல கோபத்தை இறக்கு" என்றார் அவர். தகரத்தைச் சுரண்டுவதுபோல இருந்தது குரல். ஆனால் அவருடையதுதான்.

"அது இறங்காது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். நீங்க பெல்ட்டைப் போடுங்க, பசிக்குது" என்று வண்டியை எடுத்தாள்.