தண்ணீரை யாரும் நிறுப்பதில்லை

டயர் வெடித்ததும் நான் என் வீட்டுக்காரரைத்தான் திட்டினேன். ரோட்டைத் திட்டியிருக்கலாம், வெயிலைத் திட்டியிருக்கலாம். கைக்கு எட்டிய ஆளை விட்டுவிட்டு எட்டாததைத் திட்டி என்ன பயன்?

"மட்டமான டயரை வாங்கி மாட்டினீங்கல்ல? இப்ப பாருங்க! யானை வாங்கினவருக்கு அங்குசம் வாங்க மனசு வரலை!"

அவர் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, வண்டியைத் தானாக ஓய விட்டு ஓரத்தில் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் பின்பக்கத்து இடது டயர் கந்தல் கந்தலாகத் தொங்கியது. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் மலை இறக்கம். அங்கே வெடித்திருந்தால் திட்டுவதற்கு நானும் இருந்திருக்க மாட்டேன், திட்டு வாங்க அவரும் இருந்திருக்க மாட்டார்.

ஆனால் அப்போது எனக்கு எங்கள் உயிரைப் பற்றிய நினைப்பே இல்லை. ஓடிப்போய்ப் பின்னால் ஏறி, தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.

டீசல் பிக்கப்பின் முதுகில் இரண்டு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் எழுநூறு லிட்டர் தண்ணீர், இருபதாயிரம் மீன்குஞ்சுகள், பக்கத்தில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். அறுபத்து மூன்று நாள் வளர்த்தவை. இந்தப் பருவத்தில் முதலில் பொரித்த குஞ்சுகள் கரண்டு போய்க் காற்று மோட்டார் நின்றதில் ஒரே மதியத்தில் செத்தன. இரண்டாவது முறை நோய் வந்து, தினம் ஒரு கூடை என்று அள்ளிக் கொட்டினேன். இது மூன்றாவது. இதை உயிரோடு கொண்டுபோய் அணையில் விடாவிட்டால் பண்ணையை மூடிவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும்.

சிலிண்டர் முள்ளைப் பார்த்தேன். மதியம் இரண்டு மணி வரைக்கும் தாங்கும். அப்போது மணி பத்து. அணைக்கு இன்னும் இரண்டு மணி நேரப் பாதை, பெரும்பகுதி இறக்கம். பன்னிரண்டுக்குள் கிளம்பியாக வேண்டும்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நடக்கிற வேகத்தில் உருட்டி, சாலையோர டயர் கடைக்கு வந்து சேர்ந்தோம். தகரக் கூரை, வாசலில் கறுப்புக் கறுப்பாக அடுக்கிய டயர்கள், பஞ்சர் பார்க்கிற சோப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று. கடைக்காரர் வயசான மனுஷர் இல்லை, ஆனால் முட்டி வலிக்காரர். ஒவ்வொரு தடவை குனியும்போதும் "அப்பாடா" என்று ஒரு பாட்டு. அப்படிப் பாடிக்கொண்டே எங்கள் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கத்து வலது டயரின் கன்னத்தில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. அதை விரலால் அழுத்திப் பார்த்து, "இதுவும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு" என்றார்.

"ரெண்டும் மாத்திடுங்க அண்ணே. சீக்கிரம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாத்தலாம் தம்பி. என்ன லோடு?"

"மீன்குஞ்சு" என்று நான் முந்திக்கொண்டேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மீன் சரி. தண்ணி எவ்வளவு?"

நான் சொன்னேன். அவர் சாக்குக்கட்டியை எடுத்துச் சிமெண்ட் தரையிலேயே கணக்குப் போட்டார். தண்ணீர் மட்டும் ஆயிரத்து நானூறு கிலோ. தொட்டி, சிலிண்டர், மோட்டார் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐநூறு. அதோடு வண்டியின் பின்பாதி எடை ஆயிரத்து இருநூறு. மொத்தத்தை இரண்டால் வகுத்து, ஒரு டயர் தலையில் ஆயிரத்து முந்நூற்று ஐம்பது என்று எழுதி வட்டம் போட்டார். பிறகு கிழிந்து தொங்கிய டயரைத் திருப்பி அதன் மேல் இருந்த எண்ணைக் காட்டினார்.

"நூத்தி ஒன்பதுன்னு போட்டிருக்கா? அப்படின்னா இந்த டயர் ஆயிரத்து முப்பது கிலோதான் தாங்கும். இது குடும்பத்தோட ஊர் சுத்தப் போற வண்டிக்குப் போடறது. இந்த லோடுக்கு நூத்தி இருபத்தொண்ணு போட்டது வேணும். இத்தனை நாள் இது ஓடினதே அதிசயம். இதை வாங்கும்போது கடையில என்ன லோடுன்னு சொன்னீங்க?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். தன் செருப்பை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

போன வருஷம். எங்கள் டவுன் கடை. அந்தக் கடைக்காரர் நல்ல பருமன். "என்ன லோடு?" என்று அவரும் கேட்டார். இவர் வாய் திறக்கும் முன்னாலே நான்தான் சொன்னேன்: "மீன்குஞ்சுதாண்ணே. நாப்பதாயிரத்தையும் அள்ளித் தராசுல வச்சாலும் உங்க எடை வராது!" கடையே சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே இந்த டயரை எடுத்துப் போட்டார்.

மீன் பண்ணைக்காரர்கள் நாங்கள் எதை எண்ணுவோம்? குஞ்சை எண்ணுவோம். தண்ணீரின் சூட்டைப் பார்ப்போம், புளிப்பைப் பார்ப்போம், காற்றைப் பார்ப்போம். அதை யாராவது நிறுப்பார்களா? எங்களுக்குத் தண்ணீர் என்பது மீன் இருக்கிற இடம், அவ்வளவுதான். குடியிருக்கிற வீட்டை யார் நிறுத்துப் பார்க்கிறார்கள்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் நான் கெட்டதோடு நாற்பதாயிரம் உயிரையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன். காலையிலிருந்து இந்த மனுஷனை நாக்கில் நரம்பில்லாமல் திட்டித் தீர்த்தேனே, "நீதானே சொன்ன" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததா? வந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நூத்தி இருபத்தொண்ணு இருக்காண்ணே?" என்று அவரே கேட்டார்.

"ரெண்டு இருக்கு. ஆனா அதை நான் விக்கிறதில்லை."

உள்ளே சுவரோரம் நின்ற இரண்டையும் உருட்டி வந்து வெளிச்சத்தில் வைத்தார். பளபளவென்று இருந்தன. பள்ளங்கள் விரல் நுழைகிற ஆழம். அச்சில் வார்த்தபோது வந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை. என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"புத்தம் புதுசா இருக்கே!"

"ஓடாததுதான், புதுசில்லை" என்று கடைக்காரர் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைத் தடவிக் காட்டினார். முதல் இரண்டும் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருஷம். கணக்குப் பார்த்தால் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஓரத்தை அழுத்தி மடக்கினார். பள்ளத்தின் அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் தெரிந்தன. "வத்தலாப் போச்சு. வெயில்ல, லோடுல, இறக்கத்துல சூடேறினா பட்டையா உரிஞ்சு வரும். தாங்கவும் தாங்கலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"வேற?"

"நூத்தி ஒன்பதுல போன மாசம் வந்த சரக்கு இருக்கு. நல்ல ரப்பர். ஆனா பாதி லோடுதான். உங்களுக்கு வேண்டியதைக் கிடங்குல சொல்லி வரவழைக்கலாம், அஞ்சு மணி ஆகும்."

ஐந்து மணிக்கு எனக்கு டயர் எதற்கு?

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் நான் மனுஷியாகவே இல்லை. வேறு வண்டி கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் இரண்டு பேருக்குப் போன் போட்டார். ஒருத்தர் லோடோடு கிளம்பிப் போயிருந்தார், இன்னொருத்தர் எடுக்கவே இல்லை. பக்கத்தில் குளம் குட்டை ஏதாவது உண்டா என்றேன். "இந்தப் பக்கம் பூரா பாறைதாம்மா" என்றார். பஞ்சர் தொட்டியில் கையை விட்டு முகர்ந்துகூடப் பார்த்தேன். சோப்பும் கிரீஸும். மூளை கெட்டவள் செய்கிற வேலை என்று தெரிந்துதான் செய்தேன்.

"ரெண்டு தொட்டியிலயும் பாதித் தண்ணியை இறக்கிட்டா?" என்றார் என் வீட்டுக்காரர். கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். பாதித் தண்ணீரில் முழு மீன் இருந்தால் நெரிசலிலேயே மூச்சு முட்டும். போதாததற்கு அரைத் தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் அலையடித்துக் குஞ்சுகளைச் சுவரில் மோதும். தளும்பத் தளும்ப நிரப்பினால்தான் அலையே எழாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் அது.

மணி பதினொன்றரை. என் வீட்டுக்காரர் என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டுப் போனார். ஏதாவது வழி கண்டுபிடித்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன்.

"அந்தப் பழசையே மாட்டிடலாம்" என்றார். "நீ பஸ்ல வந்துடு. நான் ஓட்டிட்டுப் போறேன்."

"என்ன சொல்றீங்க?"

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன? மெதுவாப் போறேன். தாங்கினாலும் தாங்கும்னு அவரே சொல்றார்ல."

"உரிஞ்சாலும் உரியும்னும் சொன்னாரு!"

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "ரெண்டு தடவை உன் முகத்தைப் பார்த்துட்டேன். கூடையில அள்ளி அள்ளிக் கொட்டினியே, அப்ப பார்த்தேன். மூணாவது தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லைம்மா."

எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்ன மனுஷன் இவர்! என் முகத்தைப் பார்க்க முடியாமல் மலையிலிருந்து விழப்போகிறாராம். விழுந்த பிறகு என் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தாரா?

திரும்பி வந்தேன். கடைக்காரரிடம், "அண்ணே, போன மாசத்துச் சரக்கையே ரெண்டு மாட்டுங்க" என்றேன்.

"பாதி லோடும்மா."

"கணக்கு எனக்கும் இப்ப தெரியும்ணே."

வலையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். பின் தொட்டியிலிருந்து அள்ளி முன் தொட்டியில் விட்டேன். எண்ணுகிற கிண்ணம் ஒன்று உண்டு, ஒரு கிண்ணத்துக்கு நூறு குஞ்சு. முப்பது கிண்ணம் விட்டேன். மூவாயிரம். முப்பத்தொன்றாவது கிண்ணத்தைத் தூக்கியபோது கை நின்றுவிட்டது. இந்த மூவாயிரமே அதிகம். இதற்கு மேல் ஒரு கிண்ணம் போட்டாலும் முன் தொட்டி மொத்தமும் போய்விடும். அந்தக் கிண்ணத்தை மறுபடி பின் தொட்டியிலேயே கவிழ்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான பாத்திரத்தை நான் தூக்கியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடி வந்து பின் தொட்டியின் அடியில் இருந்த வடிகுழாயை மறைத்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம். சொன்னாக் கேளு. அறுபத்து மூணு நாள்டி!"

"எனக்குத் தெரியாதா எத்தனை நாள்னு? தள்ளுங்க."

"நான் பார்த்துப் போறேன்."

"நீங்க போயிட்டா அப்புறம் நான் யாரைத் திட்டறது?" என்று கத்தினேன். "தள்ளுங்க, சொல்றேன்!"

அவர் விலகவில்லை. நான் அவர் தோளுக்கு மேலாகக் கையை விட்டுக் குழாயைத் திறந்தேன்.

எழுநூறு லிட்டர் வடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பதினோரு நிமிஷம். முதலில் வெறும் தண்ணீர் வந்தது. அப்புறம் வெள்ளி வெள்ளியாக அவையும் வந்தன. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக் குழாய் வாயில் ஏந்தினார். எதற்கு ஏந்தினார் என்று அவருக்கும் தெரியாது. பிடித்து எங்கே விடுவது? சட்டை நிறையத் துள்ளுகிற குஞ்சுகளோடு முற்றத்தில் நின்றார். கடைக்காரர் ஜாக்கியைப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அப்பாடா"வும் சொல்லவில்லை. நான் கடைசிவரை பார்த்தேன். திறந்த கைக்குப் பார்க்கிற கடமையும் உண்டு.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிளம்பினோம். கிளம்பும் முன் கடைக்காரர் காற்றை இரண்டு முறை அளந்தார். ஒரு தொட்டிக்கு மட்டும்தான் இந்த டயர், மறந்துவிடாதீர்கள் என்றார். மறப்பதாவது!

இறக்கம் முழுக்க இரண்டாவது கியரிலேயே இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் காலித் தொட்டி கடகடவென்று ஆடியது. நிறைந்த தொட்டி சத்தமே போடவில்லை. பாதி வழியில் நான்தான் சொன்னேன்.

"அன்னைக்குக் கடையில நான்தான் சொன்னேன்."

"தெரியும்."

"சொல்லிக் காட்டியிருக்கலாம்ல?"

"எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தானே சிரிச்சேன்" என்றார். அவருக்குச் சட்டை இல்லை. பனியனோடு ஓட்டினார்.

அணையின் வாசலுக்கு வந்தபோது இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நான் இறங்கி, ஏறி, மூடியைத் திறந்தேன். மேலே வந்து காற்றுக்கு வாய் பிளந்தவை சில. மற்றவை நீந்தின. உயிரோடு இருந்தன. மூடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன், சத்தமாகத்தான்.

காவலாளி பெரிய நோட்டோடு வந்தார். "என்ன லோடு?"

என் வாய் பழக்க தோஷத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் சொன்னார். "எழுநூறு கிலோ தண்ணி. அதுல இருபத்து மூவாயிரம் குஞ்சு."

காவலாளி 'மீன்' என்று எழுதிவிட்டு நோட்டை மூடப்போனார்.

"அண்ணே," என்றேன், "தண்ணியையும் எழுதுங்க."

"தண்ணியை எல்லாம் யாரும்மா எழுதுவா?"

"எழுதுங்க."

என் முகத்தைப் பார்த்தார். பின்னால் இருந்த காலித் தொட்டியைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, பேனாவின் மூடியை மறுபடி கழற்றினார். அவர் எழுதி முடிக்கிறவரை நான் வண்டியில் ஏறவில்லை.