சிடுமூஞ்சியில் ஒலிக்கிறது

நேற்றுதான் மூன்றாவது முறையாக அதை நீக்கியிருந்தேன். காலையில் ஒரு வீட்டு வரைபடத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் ஆளாக வந்து நின்றது அந்தப் பாட்டுச் செயலி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கட்டுக்கு அளவு போட வேண்டிய ஆள், விடிந்ததும் ஒரு பாட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அதை ஏற்றி வைத்தவள் என் மகள். அவள் கணக்கையே என் கம்ப்யூட்டரிலும், என் போனிலும், அவள் அம்மா போனிலும் போட்டுக் கொடுத்தாள். ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாடும். நான் போட்டால் அவளுடையது நின்றுவிடும், உடனே அவள் பிடுங்கிக்கொள்வாள். விட்டுக்கொடுக்கும் நாட்களில், "காது போகுதுப்பா" என்று தன் அறையில் உட்கார்ந்தபடியே போனிலிருந்து என் சத்தத்தைக் குறைப்பாள். ஐந்து மாதத்துக்கு முன்னால், கேட்காமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். "என் வீட்ல இருக்கணும்னா நான் சொல்றதைக் கேக்கணும்" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் எதற்குக் கூப்பிட வேண்டும்?

"அடியோட அன்இன்ஸ்டால் பண்ணியாச்சு. ஒளிஞ்சிருந்த ஃபோல்டரைக்கூட விடல. எப்படித்தான் திரும்ப முளைக்குதோ" என்று கத்தினேன்.

மனைவி சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். "அதுவா முளைக்கல. நான்தான் திரும்பப் போட்டேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்தான்."

"உன் போன்ல இருக்குல்ல. அது பத்தாதா?"

"எனக்குப் பத்தும். இது உங்களுக்கு." சட்டையின் காலரை நிமிர்த்தினாள். "நான் கூப்பிட்டா நல்லா இருக்கேம்மான்னுதான் சொல்றா. இதுல பாத்தா, நேத்து ஒரே பாட்டைப் பதினோரு தடவை கேட்டிருக்கா. நல்லா இருக்கிறவ கேக்கிற கணக்கா அது?"

என் எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுகிறேன் என்று செயலியின் உள்ளே போய், எந்தெந்தக் கருவியில் அது இருக்கிறது என்ற பட்டியலைத் திறந்தேன். அவள் வைத்த பெயர்கள் வரிசையாக இருந்தன. அம்மா. அப்பா போன். சிடுமூஞ்சி. சின்னச் சிடுமூஞ்சி.

சிடுமூஞ்சி என் கம்ப்யூட்டர். என் முதுகுக்குப் பின்னால் இவர்கள் என்னை அப்படித்தான் சொல்வார்கள் என்பது தெரிந்ததுதான். சின்னது அவளுடைய போன் என்பது தெரியாது. அதன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'நீக்கு' என்று இருந்தது. ஒரே அமுக்கில் அவள் என்னை நீக்கியிருக்கலாம். ஐந்து மாதமாகச் செய்யவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

சிடுமூஞ்சிக்கு எதிரே இருந்த 'நீக்கு' பக்கம் போன கை, அதை விட்டுப் பக்கத்திலிருந்த 'ஒலிக்கச் செய்' மேல் அமுக்கியது. தவறி என்று சொல்லமாட்டேன்.

பச்சைப் புள்ளி என் பக்கம் தாவியது. எனக்குத் தெரியாத ஒரு பாட்டு, பாதியிலிருந்து, அறை அதிர. ஒரு வரிகூட முடியவில்லை, நின்றுவிட்டது. புள்ளி சின்னச் சிடுமூஞ்சிக்குப் போய்விட்டது.

"பாத்தியா, பிடுங்கிட்டா" என்றேன்.

"பிடுங்கட்டுமே. இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன். அதே பாட்டு, அதே இரைச்சல். மனைவி மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். இதோ போகப் போகிறது என்று புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. என் கை மேசைமேல் சும்மா இருந்தது. திரையின் ஓரத்தில் சத்தத்தின் கோடு தானாக ஒரு படி இறங்கியது. சற்றுப் பொறுத்து, இன்னொரு படி.